கடலோர நிலக்காட்சிப் பயணத்துக்குத் தேதி குறிப்பது எப்படி?

கடலோரப் பகுதி ஒன்றுக்கு ஐந்து நாள் போய் நிலக்காட்சிப் படங்கள் எடுக்கப்போகிறேன், எட்டு இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன், எந்த மாதம் போகலாம், எந்த வரிசையில் பார்க்கலாம், என்ன லென்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த எட்டில் எந்த இடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, நீங்கள் மனதில் வைத்திருக்கும் படத்தைத் தரும்? பல வருடங்களாகக் கடலோரங்களில் படமெடுத்து, புதிதாக வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இடங்களின் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். கடலோரத்தில் ஒரே பாறை காலை ஆறு மணிக்கு நீருக்குள் இருக்கும், பகல் பன்னிரண்டுக்கு வெறும் மணலில் நிற்கும். மலைக்கோ காட்டுக்கோ போகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

திட்டமிடும்போது எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சூரியன் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு உதிக்கும், நிலா எப்போது எழும், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பவை வானியல் கணக்கு. அடுத்த வருடத்துக்கும் இன்றே சொல்லிவிடலாம். அலையின் உயரமும் காற்றும் அடுத்த வகை: மூன்று நாள் முன்னால் கிடைக்கும் முன்னறிவிப்பை ஓரளவு நம்பலாம், ஒரு வாரம் முன்னால் கிடைப்பதை நம்பித் திட்டம் போட முடியாது. மேகமும், அஸ்தமன நேரத்து நிறமும் மூன்றாவது வகை. அன்று மதியம் வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தேதியை முதல் வகையை வைத்து முடிவு செய்யுங்கள், எந்த நாள் எந்தப் பக்கம் என்பதை இரண்டாவதை வைத்து. இன்று மாலை எந்தப் பாறை மேல் நிற்பது என்பதை அன்று மதியம் வானத்தைப் பார்த்து முடிவு செய்தால் போதும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல வானம் கிடைக்கும் என்று நம்பி மாதத்தை முடிவு செய்துவிட்டு, கடல் ஏற்றத்தை அங்கே போய் இறங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

ஏற்றவற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறி, இரண்டு தடவை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை 5 மணிக்கு வற்றம் என்றால் நாளை 5.50 வாக்கில், நாளன்றைக்கு 6.40 வாக்கில். ஐந்து நாள் பயணத்தில் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்து ஓரிரு நாளில் ஏற்றமும் பெரிதாக இருக்கும், வற்றமும் ஆழமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். இதுவரை பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் இனிமேல் வருவது. ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் அந்தப் பெரிய வற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. அப்படியானால் ஆழமான வற்றம் காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டி. அதே நாட்டின் தென்மேற்கில் பிளிமத் பக்கம் நேர்மாறு: ஆழமான வற்றம் நண்பகலை ஒட்டி வரும். இப்போது ஒரு படப்பிடிப்பாளராக யோசித்துப் பாருங்கள். லிவர்பூல் பக்கத்தில், உதயமும் அஸ்தமனமும் ஆறு மணியை ஒட்டி வரும் மாதங்களில், அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிப் போனால் காலையிலும் மாலையிலும் நல்ல வெளிச்சத்தில் அகலமான ஈர மணல் கிடைக்கும். பிளிமத் பக்கத்தில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது நடக்காது. அங்கே மாலையில் வற்றம் வேண்டுமென்றால் அஷ்டமியை ஒட்டித்தான் போக வேண்டும், அந்த வற்றமும் சுமாராகத்தான் இருக்கும். உங்கள் கடற்கரைக்கும் இப்படி ஒரு குணம் இருக்கும். அருகிலுள்ள துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணையில் ஒரு மாதத்தை எடுத்து, அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாட்களின் நேரத்தை மட்டும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, உங்களுக்கு வேண்டிய நேர அமைப்பு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். இந்த வாரம் போகலாமா அடுத்த வாரம் போகலாமா என்ற கேள்விக்கு அட்டவணையே பதில் சொல்லிவிடும்.

எல்லாக் கடலும் இந்தக் கணக்குக்கு அடங்காது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றவற்றம் சில பத்து சென்டிமீட்டர்தான். அங்கே போகிறவர் மேலே சொன்னதை மறந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்க்கலாம். மறுகோடியில் கனடாவின் ஃபண்டி வளைகுடா: சில இடங்களில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஒரே நாளின் இரண்டு வற்றங்களும் சமமாக இருக்காது. கலிபோர்னியாவில் மிக ஆழமான வற்றம் குளிர்காலத்தில் பிற்பகலிலும், வசந்தம், கோடையில் அதிகாலையிலும் வரும். மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம். அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டைச் சரிபாருங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாடுகளில் அந்த ஒரு மணி நேரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. அதில் போட்டிருக்கும் உயரம் கணிப்பு மட்டுமே என்பது இன்னொன்று. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், கரையை நோக்கி வீசும் காற்றும் நீரைத் தள்ளிக்கொண்டு வரும். புயல் சின்னம் இருக்கும் நாளில் அட்டவணையில் உள்ளதைவிட அரை மீட்டர் அதிகமாகவே கடல் ஏறியிருக்கலாம்.

சரி, எந்த இடத்துக்கு எந்த மட்டம் நல்லது? தட்டையான மணற்கரையில் வானம் பிரதிபலிக்க வேண்டுமென்றால் கடல் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். மணல் கண்ணாடி மாதிரி பளபளப்பதும், முந்தைய ஆட்களின் காலடித் தடங்கள் அழிந்து கிடப்பதும் அப்போதுதான். தனித்து நிற்கும் பாறைத் தூண்களுக்கு, அடிப்பகுதியைச் சுற்றி முழங்கால் அளவு நீர் சுழலும் நடு மட்டம். முழுக்க வற்றிவிட்டால் அவை வெறும் கற்களாகத் தெரியும். செங்குத்துப் பாறையில் அலை மோதித் தெறிப்பதை எடுக்க, ஏற்றத்தின் உச்சமும், நீங்கள் நிற்பதற்கு உயரமான பாதுகாப்பான இடமும் வேண்டும். உங்கள் எட்டு இடத்துக்கும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பக்கத்தில் ‘இறங்கும் நேரம்’, ‘நடு மட்டம்’, ‘உச்சம்’ என்று எழுதுங்கள். இணையத்தில் அந்த இடத்துப் படங்கள் இருந்தால் நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தே எழுதிவிடலாம். படத்தின் தேதியும் நேரமும் கிடைத்தால், அன்றைய அட்டவணையோடு ஒப்பிட்டு கடல் எத்தனை மீட்டர் மட்டத்தில் இருந்தபோது எடுத்தது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். நான் புது இடத்துக்குப் போகும் முன் தவறாமல் செய்யும் வேலை இது.

அடுத்தது சூரியன். சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாட்களுக்கு மட்டுமே சரி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வருடம் முழுக்க அது கிழக்கிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 24 பாகைக்குள் நகரும். 50 பாகை அட்சரேகையில் 38 பாகை வரையும், 60 பாகையில் ஐம்பதுக்கு மேலும் நகர்ந்துவிடும். இதனால் வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய கரைக்குக் குளிர்காலத்தில் ஒரு சலுகை உண்டு: தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைவதால் உதயம், அஸ்தமனம் இரண்டும் கடல் மேலேயே கிடைக்கும். கோடையில் அதே கரையில் இரண்டும் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். பாறை வளைவுகளுக்கு இது இன்னும் முக்கியம். கலிபோர்னியாவின் ஃபைஃபர் கடற்கரையில் இருக்கும் பாறைத் துளை வழியாக அஸ்தமன வெளிச்சம் பாய்வது டிசம்பர் கடைசியையும் ஜனவரியையும் ஒட்டிய சில வாரங்களில் மட்டும்தான். இங்கிலாந்தின் டர்டில் டோர் வளைவுக்குள் உதய சூரியனைப் பார்க்கவும் குளிர்காலத்தின் நடுவில்தான் போக வேண்டும். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அந்தத் தேதிக்குச் சூரியன், நிலா இரண்டின் திசைக்கோட்டையும் வரைந்து காட்டும் செயலிகள் இருக்கின்றன. போட்டோபில்ஸ், போட்டோகிராஃபர்ஸ் எஃபிமெரிஸ் இரண்டும் பலகாலமாகப் புழக்கத்தில் உள்ளவை. ஏதாவது ஒன்று போதும். ஆனால் கோட்டை மட்டும் பார்க்காதீர்கள், கரைக்குப் பின்னால் மலை இருந்தால் சூரியன் அட்டவணை நேரத்துக்கு முன்பே மறைந்துவிடும்.

நல்ல வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் அட்சரேகையைப் பொறுத்தது. வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கும். அடிவானத்துக்கு மேல் ஆறு பாகையில் இருந்து மறைய 24, 25 நிமிடம்தான். 60 பாகையில் சம இரவு நாளில்கூட அதற்கு 48 நிமிடம் ஆகும். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனின் உயரமே ஏழு பாகைக்குள்தான், பகல் முழுக்கக் கோல்டன் ஹவர் (சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் பொன்னிற வெளிச்ச நேரம்) மாதிரி. எனவே வெப்பமண்டலக் கரைக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு மாலைக்கு ஓர் இடம், ஒரு சட்டகம் என்று திட்டமிடுங்கள், அங்கிருந்து இங்கே ஓட நேரமிருக்காது. வடக்கே போகிறீர்கள் என்றால் ஒரே மாலையில் இரண்டு இடம் முடியும்.

எந்த மாதம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடற்கரையின் பெயர் தெரியாமல் மாதத்தைச் சொன்னால் அது வெறும் ஊகம். ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்ல முடியும். அந்தக் கரை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, எந்த மாதத்தில் சூரியன் கடல் மேல் மறைகிறது என்பது முதலில். மூடுபனி அடுத்தது. குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கலிபோர்னியா, பெரு, நமீபியா போன்ற கரைகளில், ஈரக்காற்று அந்தக் குளிர்நீர் மேல் வரும்போது தாழ்ந்த மேகமும் பனியும் திரண்டுவிடும். சான் பிரான்சிஸ்கோ பக்கம் கோடை என்று நம்பிப் போனால் பல மாலைகள் சாம்பல் நிறமாகவே கழியும், இலையுதிர்காலம் அதைவிடத் தெளிவாக இருக்கும். பருவமழைக் கரைகளில் மழை ஓய்ந்து காற்று கழுவி விட்டது போலிருக்கும் வாரங்கள் எனக்குப் பிடித்தவை. சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் மாதம் நிலக்காட்சிப் படத்துக்குச் சிறந்த மாதமாக இருப்பது அரிது. நீச்சலுக்கு ஏற்ற வானம் வேறு, படத்துக்கு ஏற்ற வானம் வேறு.

இப்போது எட்டு இடம். ஐந்து நாளுக்கு அது மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாகக் குறையுங்கள், ஒரே ஊரில் தங்குங்கள், மூன்றும் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். ஐந்து நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மாலையும் நான்கு காலையும். அதில் மேகமும் மழையும் எடுத்துக்கொண்டது போக, நிஜமாகவே கைக்கு வருவது மூன்றோ நான்கோ. ஒரு கடலோர இடம் முதல் தடவையில் பிடிபடாது. எந்தப் பாறை எந்த மட்டத்தில் மூழ்கும், அலை எந்தப் பக்கமாக வழிந்து திரும்பும் என்பதெல்லாம் இரண்டாவது தடவைதான் புரியும். மூன்றில் ஒன்றாவது வேறு திசையை நோக்கியிருக்கட்டும், ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் போகலாம். ஒன்று மேகமூட்டமான நாளுக்கும் உதவுகிற இடமாக இருக்கட்டும்: பாறை அடுக்குகள், வற்றத்தில் தேங்கும் குட்டைகள், கடலோரக் காடு என்று ஏதாவது. மங்கலான வெளிச்சம் இவற்றுக்குத்தான் பொருத்தம்.

போய்ச் சேர்ந்த அன்றே உச்சி வெயிலில், கேமரா இல்லாமல் அல்லது போனை மட்டும் வைத்துக்கொண்டு, வற்ற நேரத்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள். பாறையே உங்களுக்கு நிறையச் சொல்லும். பாறை நிறைந்த கரைகளில் பக்கவாட்டில் நின்று கவனித்தால் பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். மேலே காய்ந்த, இயல்பான நிறம். அதற்குக் கீழே கறுப்புத் தார் பூசியது போல ஒரு பட்டை, ஈரத்தில் கால் வைத்தால் சட்டென்று வழுக்கும். அதற்கும் கீழே சொரசொரவென்று வெள்ளையாகக் கொட்டலசு என்ற சிறு ஓட்டு உயிரினம் ஒட்டிக்கிடக்கும். காலணிக்கு நல்ல பிடிமானம் கொடுக்கும், கையை ஊன்றினால் கிழித்துவிடும். கடைசியாகப் பாசி. கறுப்புப் பட்டைக்கு மேலேயே இயல்பாக அலைத்துளி எட்டும். கொட்டலசு இருக்கும் இடம் அன்றாடம் மூழ்கும். மாலையில் ட்ரைபாடை எங்கே வைப்பீர்கள், அந்த இடம் எந்தப் பட்டையில் இருக்கிறது, ஏற்றம் வரும்போது திரும்பும் வழி எந்தப் பட்டையில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். நிற்கும் பாறை உயரமாக இருக்கும், வந்த வழியில் இருக்கும் பள்ளம் முதலில் நிரம்பிவிடும்.

ஏற்றம் சீரான வேகத்தில் வருவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மூன்று மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்பது மாலுமிகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி ஏறிவிடும். ஆறு மீட்டர் வித்தியாசமுள்ள கரையில் அது நிமிடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தட்டை மணலில் நீர்விளிம்பு நிமிடத்துக்கு இரண்டரை மீட்டர் உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். இங்கிலாந்தின் மோர்காம் விரிகுடாவில் 2004-ல் மட்டி பொறுக்கப்போன 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இப்படி ஏறிவந்த கடலில் சிக்கி இறந்தார்கள். பரந்த மணலில் அஸ்தமனம் எடுப்பதென்றால், வற்றத்தின் அடிமட்ட நேரத்தைக் கைக்கடிகாரத்தில் அலாரமாக வையுங்கள். அது அடித்ததும் கரையை நோக்கி நகர ஆரம்பியுங்கள், வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அலை முன்னறிவிப்பில் எல்லோரும் உயரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் இடைவெளியையும் பாருங்கள், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவிலுள்ள விநாடிகள். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். முன்னது பக்கத்துக் காற்று கிளப்பியது, பின்னது தொலைவில் எங்கோ புயல் கிளப்பி உருண்டு வருவது. ஸ்வெல் என்று சொல்வது இதைத்தான். உயரம் ஒன்றாக இருந்தாலும் பின்னது கரை மேல் வெகுதூரம் ஏறும். அதோடு இவை கூட்டமாக வரும். பத்து நிமிடம் கடல் சாந்தமாக இருக்கும், பிறகு நாலைந்து பெரிய அலை அடுத்தடுத்து வரும். முன்னறிவிப்பில் இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால் அது பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்று அதைப்போல இரண்டு மடங்கும் இருக்கலாம். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃப்யாரா கறுப்பு மணற்கரையில் படமெடுக்க நின்றவர்கள் உட்படச் சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்திருப்பது இப்படிச் சொல்லாமல் வரும் அலைகளால்தான். என்னோடு வருகிறவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது, பாறையில் இறங்கும் முன் குறைந்தது இருபது நிமிடம் மேலே நின்று கடலைப் பாருங்கள் என்பது. அந்த நேரத்தில் நனைந்த இடம் எதிலும் பையை வைக்கக்கூடாது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வியூஃபைண்டரில் மூழ்கவும் கூடாது.

பாறை விளிம்புகளையும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் லண்டன் பிரிட்ஜ் என்று அழைக்கப்பட்ட இரட்டை வளைவில், நிலத்தோடு ஒட்டியிருந்த பகுதி 1990 ஜனவரியில் இடிந்து விழுந்தது. மறுபக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அதே கரையில் ட்வெல்வ் அப்போசல்ஸ் தூண்களில் ஒன்று 2005-ல் சரிந்தது. மால்டாவின் அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு 2017 மார்ச்சில் ஒரு புயலில் முழுவதுமாகக் கடலுக்குள் போனது. பழைய படத்தைப் பார்த்துப் போகிறவருக்கு அந்தக் காட்சியே இருக்காது. மேலிருந்து பார்க்கும்போது விளிம்புக்கு அடியில் அலை குடைந்திருப்பது தெரியாது, பெருமழைக்குப் பிறகு இன்னும் மோசம்.

வானத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் ‘அநேகமாக’ என்ற சொல்லோடுதான் சொல்ல முடியும். உயரத்திலும் நடு உயரத்திலும் சிதறிய மேகம், சூரியன் மறையும் பக்கம் அடிவானத்தில் ஒரு திறப்பு: இரண்டும் சேர்ந்தால் நிறம் பிடிக்க வாய்ப்பு அதிகம். மதியத்துக்கு மேல் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, சூரியன் மறையும் திசையில் சில நூறு கிலோமீட்டர் தூரம் வரை மேகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தாழ்ந்த மேகம் அந்தத் திசை முழுக்க மூடியிருந்தால் மேகமூட்ட நாளுக்கான இடத்துக்குப் போய்விடுங்கள். சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த பத்து, இருபது நிமிடத்தில் மேகத்தின் அடிப்பக்கம் சிவப்பது அடிக்கடி நடக்கும், ஆனால் நடந்தே தீரும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது.

படமெடுக்கும் நேரத்தில் ஷட்டர் வேகம்தான் கடலின் முகத்தை மாற்றுகிறது. தெறிக்கும் துளிகளை நிறுத்த ஆயிரத்திலொரு விநாடி. முப்பது விநாடிக்கு மேல் போனால் கடல் மூடுபனிபோல் ஆகிவிடும். எனக்கு அதிகம் உபயோகப்படுவது கால் விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடைப்பட்ட பகுதி. அலை வந்து உடையும்போது அழுத்தினால் வெறும் வெள்ளை நுரைதான் கிடைக்கும். அது ஏறி முடித்து, ஒரு கணம் தயங்கி, கூழாங்கற்களுக்கு நடுவே கடலை நோக்கித் திரும்ப ஆரம்பிக்கும் நொடியில் அழுத்துங்கள். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் நுரை நீளமான கோடாக இழுபடும், கோடுகள் எல்லாம் கடலைக் காட்டும். அரை விநாடியில் இழை இழையாகத் தெரிவது இரண்டு விநாடியில் குழைந்துவிடும். ஒரே சட்டகத்தை வைத்துக்கொண்டு இருபது, முப்பது அலைக்கு எடுங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஈர மணலில் ட்ரைபாட் காலைச் சுற்றி அலை மணலை அரித்துவிடும், படம் பதிவாகும்போதே கேமரா மெல்லப் புதையும். அதனால் கால்களை நன்றாக அழுத்திப் புதைத்து, இரண்டு அலை வந்து போகும்வரை பொறுத்து, பிறகு எடுங்கள்.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் கேமராக் கணக்கில் 16-35, 70-200 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டும் இருந்தால் போதும், ஒன்றே ஒன்றுதான் என்றால் 24-105. பாறை உச்சியிலிருந்து எடுக்க நீள லென்ஸ் எவ்வளவு உதவும் என்பதைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். என்டி ஃபில்டரில் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப் இரண்டும் பத்து ஸ்டாப்பைவிட அதிகமாகக் கைகொடுக்கும், ஏனென்றால் அவைதான் அந்த அரை விநாடியைத் தருகின்றன. போலரைசர் ஈரப் பாறையின் மினுமினுப்பைக் குறைக்கும். ஆனால் ஈர மணலில் விழுந்திருக்கும் அஸ்தமன நிறத்தையும் அழித்துவிடக்கூடும், கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். வானத்துக்கும் கடலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் பழைய பிரச்சினை. 1850-களில் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒன்றாக அச்சிட்டார். இன்றும் இரண்டு எக்ஸ்போஷர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு படம்) எடுத்து இணைக்கலாம், கடல் பகுதியை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுங்கள். நகரும் அலையை மென்பொருள் தானாக இணைத்தால் நீர் இரட்டையாகத் தெரியும்.

உப்புதான் கருவிகளுக்கு எதிரி. ஃபில்டரில் படியும் துளிகளை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு மேலும் பரவும், அதில் மணல் இருந்தால் கண்ணாடியில் கீறலும் விழும். முதலில் நன்னீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி. ட்ரைபாடின் கால்களை ஒவ்வொரு இரவும் முழுக்க நீட்டி நன்னீரில் கழுவுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து ஈரக்காற்றுக்குப் போகும்போது கேமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்தால் லென்ஸில் நீர் பூக்காது. விடியற்காலை உதயத்துக்குப் போகிறவர்கள் இதை மறந்து நல்ல வெளிச்சத்தை இழப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ட்ரோன், ட்ரைபாட், இரவில் தங்குவது ஆகியவற்றுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு, பூங்காவுக்குப் பூங்கா வேறு. அந்த இடத்தை நிர்வகிப்பவர்களின் தற்போதைய அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள், இரண்டு வருடம் முந்தைய பயணக் குறிப்பை நம்பாதீர்கள். கடற்பறவைகள் கூடு கட்டும் மாதங்களில், அனுமதி இருந்தாலும் பாறை முகடுகளுக்குப் பக்கத்தில் ட்ரோனைக் கொண்டுபோகாதீர்கள். பறவைகள் மிரண்டு எழும்போது முட்டையும் குஞ்சும் விளிம்பிலிருந்து விழுந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: கரையின் பெயர், அது நோக்கும் திசை, அருகிலுள்ள துறைமுகத்தின் ஒரு மாத அட்டவணை, நீங்கள் போகக்கூடிய வாரங்கள். இவற்றைச் சொன்னால் எந்த வாரம் உங்களுக்குப் பொருந்தும், எட்டில் எந்த ஐந்தை விடலாம் என்பதை என்னால் ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். ஒரு பாறை மேல் நிற்பது அன்றைக்குப் பாதுகாப்பா என்பதை மட்டும் என்னிடமோ வேறு யாரிடமோ முன்கூட்டிக் கேட்காதீர்கள். அதை அங்கே மீன்பிடிக்கப் போகிறவர்களிடமும் கடலோரக் காவலர்களிடமும் அன்று காலையில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு இடத்துக்குப் போங்கள்.